செங்காந்தளும் பேத்தியும்

அடையாறில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில், மழைக்குப்பின் செங்காந்தள் தானாகவே முளைத்தது. இலைநுனிகளால் வேலியைச் சுற்றிப் பிடித்து ஏறி, தீச்சுடர்போலப் பூத்தது. கிண்டிக் காட்டுப் புதர்களிடையே காணப்படும் கொடி அது. தமிழ்நாட்டின் மாநில மலர்.

“அகற்றிவிடு மகனே” என்றார் உம்மா. காரணம் இருந்தது. செடி முழுவதும் நஞ்சு. கலப்பை வடிவக் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் மிகுதி. ஓடித் தப்ப இயலாத செடிக்கு அதுவே அரண். அதே கால்ச்சிசின், மருத்துவர் குறிக்கும் அளவில், யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்தாகிறது. ஆனால், கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் பேத்திக்கு அந்த அளவு தெரியுமா?

கையுறை அணிந்து கிழங்கோடு அகற்றினேன். மனம் கனத்தது. அவள் வளரட்டும், காட்டோரம் அழைத்துச் சென்று, தொடாமல் ரசிக்கக் கற்பிப்பேன்.