ஞானம் தாங்காத போன்

எங்கள் கோயமுத்தூரில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் கொங்குத் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். எதிர்வீட்டு அம்மாளும் அப்படித்தான். 2018-இல் நடந்த கூத்தை அவரிடம் சொன்னேன். ‘ஞானம்’ என்று தெலுங்கில் எழுதினால் முதலில் வரும் கூட்டெழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு சேர்ந்து செய்தியாக வந்துவிட்டால் போதும், ஐபோனில் அந்தச் செயலி படுத்துவிடும். மறுபடி திறந்தால் மறுபடியும் படுக்கும்.

“ஏனுங்க, ஞானம் வந்தா அது தாங்காதுங்களா?” என்றார்.

சிரித்தேன். ஆனால் எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு. பழுது நீக்கிய ஐஓஎஸ் 11.3 அப்போதே சோதனைப் பதிப்பாக இருந்தது. மருந்து அலமாரியில், நோயாளி திண்ணையில்! ஊர் சிரித்த பிறகுதான், பிப்ரவரி 19 அன்று, 11.2.6 என்று ஒன்றை அவசரமாக அனுப்பினார்கள்.

லினக்ஸ் கதை இன்னும் மோசம். சாதாரணப் பயனாளி நிர்வாகியின் அதிகாரத்தையே களவாடக்கூடிய ஓட்டை அது. 2016 அக்டோபரில் அடைபட்டது. பதினோரு வருஷம் முன்பே தாம் அடைக்கப் பார்த்து, அது சரியாக அமையாமல் போனதை லினஸ் டார்வால்ட்ஸே எழுதினார். ஒப்புக்கொள்ள மனசு வேண்டும், சரிதான். ஆனாலும் பதினோரு வருஷம்!

இங்கே சித்திரை வெயிலில் தோட்டத்து மோட்டார் காயில் எரிந்தால், பட்டறை வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார் விவசாயி. வாழை காய்வது பட்டறைக்காரருக்கும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார். போனுக்கு யார் வாசலில் போய்ப் படுப்பது?

எதிர்வீட்டு அம்மாள் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அந்த ஊருக்கு இங்கிருந்து பஸ் இருக்குதுங்களா?”