கண்ணுக்குத் தெரியாத கோணல்

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் வந்தபோது சென்னையில் மழை. செப்டம்பர் 27 அன்று சூரியனைச் சுற்றித் திரும்பிய அது, அக்டோபர் 12-ஐ ஒட்டிப் பூமிக்கு அருகே வந்து, பிறகு அந்தி நேரத்தில் மேற்கே தெரியும் என்று செய்தித்தாள்கள் எழுதின. எங்கள் மேற்கில் தெரிந்தது மேகம்தான். ஆனால் அந்தச் செய்திகளால் வேறொன்று நடந்தது: பழைய பைனாகுலர்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டும் எங்கள் சிறு குழுவும் அந்த நேரம் பார்த்துத்தான் வாங்கக் கிளம்பியது.

வானம் பார்க்கத் தொலைநோக்கிதானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மைத் தாங்கியில் நின்று ஆடும் தொலைநோக்கியைவிடக் கையில் பிடிக்கும் பைனாகுலர் எத்தனையோ மேல். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆண்ட்ரோமெடா எல்லாம் இதற்குள் அடங்கும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, இதில் பல டஜன் மீன்களாகப் பிரியும். வைகாசி இரவில் தெற்கே ஒமேகா சென்டாரியைப் பார்க்கலாம். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதிதாக நல்லதொன்று வாங்கும் பணத்துக்குப் பழையதில் மூன்று வரும். எங்களைப் போன்றவர்கள் பழையதைத் தேடுவது அதனால்தான்.

இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 7,500 ரூபாய்க்கு 10×50 (பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) ஒன்று வாங்கினோம். ஜப்பான் சரக்கு. பெட்டியில் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. குழுவில் பெரியவர்கள் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கு எடுத்துப்போன இரவில், நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சார், ரெண்டு நிலா தெரியுது” என்றாள். அடுத்த பையனும் அதையே சொன்னான். அவர்கள் கையிலிருந்து வாங்கி நான் பார்த்தால் ஒரே நிலா. பிள்ளைகள் கேலி செய்கிறார்களோ என்றுகூட ஒரு ஆசிரியர் அதட்டிப் பார்த்தார்.

சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர்தான் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போனார். அவர் காலத்தில் தியோடலைட், டம்பி லெவல் போன்ற அளவைக் கருவிகள் பழுதானால் கொண்டுபோகும் இடமாம். குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு அறை. அறையைவிட மூன்று மடங்கு மொட்டைமாடி. அங்கே பழுதுபார்க்கும் பாய்க்கு எழுபதை ஒட்டிய வயது. பைனாகுலரை வாங்கியதும் பெயரைப் பார்க்கவில்லை. கவிழ்த்து, கீல் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைத்தான் முதலில் பார்த்தார். ஜப்பான் பைனாகுலர்களில் உடலைச் செய்த தொழிற்சாலைக்கு ஜே.பி. என்று தொடங்கும் எண் ஒன்று உண்டு. மேலே என்ன பிராண்டு பொறித்திருந்தாலும் செய்தவன் யார் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. ஒரே பட்டறையில் செய்தது ஏழெட்டுப் பெயரில் விற்கும், பெயருக்கு ஏற்ப விலையும் மாறும்.

பிறகு அதைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பார்வைக் கண்ணாடியில் சின்ன வட்டமாக ஒளி விழும். வட்டம் முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பிரிசம் நல்ல கண்ணாடி. ஓரம் மழுங்கிச் சதுரம்போல் நிழல் விழுந்தால் மட்டமான கண்ணாடி. எங்களுடையது வட்டம். “சாமான் நல்ல சாமான் சார்” என்றார். கண்ணில் வைத்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, கீலை மடக்கி விரித்து, மறுபடி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வித்தவனுக்கு அகல மூஞ்சி சார்.”

நானும் நண்பரும் விழித்தோம். அந்த வியாபாரியை நாங்களே நேரில் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். பைனாகுலர் என்பது இரண்டு தொலைநோக்கிகள். இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை வாங்கிய பிரிசம் அமைப்பை வைத்து, ஜெர்மனியின் ஜேனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே 1894-இல் ஸைஸ் பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்றும் பழைய பைனாகுலர்களில் பாதிக்குமேல் அந்த வடிவம்தான். ஒவ்வொரு குழலிலும் இரண்டு பிரிசம், ஒளி நான்குமுறை மடங்கி வெளியே வரும். கீழே ஒருமுறை விழுந்தால் போதும், ஒரு பிரிசம் மயிரிழை நகர்ந்துவிடும். அப்புறம் இரண்டு குழலும் இரண்டு திசை பார்க்கும்.

கோணல் பக்கவாட்டில் இருந்தால் கண் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். புத்தகம் படிக்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பிப் பழகியவைதானே. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆகிவிட்டால் கண்ணுக்கு அந்த வித்தை தெரியாது. இரட்டையாகத் தெரியும், அல்லது தெரியாமலே பத்து நிமிடத்தில் மண்டையிடி வரும். “கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும்” என்றார் பாய்.

இதைச் சரிசெய்யக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. தோலுறையைக் கொஞ்சம் உரித்தால் பிரிசத்தைச் சாய்க்கும் திருகுகள் தெரியும். கண்ணில் வைத்துக்கொண்டே ஒரு திருகைத் திருப்பி, இரண்டு படமும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்திவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்போது கீல் எந்த அகலத்தில் விரிந்திருந்ததோ அந்த அகலத்துக்கு மட்டும்தான் அது சரி. மடக்கினால் குழல் கீலைச் சுற்றித் திரும்பும், கோணலும் கூடவே சுற்றும். பெரியவர்களின் இரண்டு கண்மணிக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு 55-ஐ ஒட்டித்தான். விற்றவர் தன் கண்ணுக்குத் திருகி அனுப்பியிருக்கிறார். பாய் கீலை விரித்துக்கொண்டே போய், படம் மிகச் சரியாகப் பொருந்திய இடத்தில் நிறுத்தி, ஸ்கேலை வைத்துக் காட்டினார்: 70. அவர் சொன்ன அகல மூஞ்சி அந்தக் கணக்கு.

எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும்படி சரிசெய்யும் கருவியைப் பார்க்க விடியற்காலையில் வரச் சொன்னார். வெயில் ஏறினால் மாடிகளுக்கு மேலே கானல் ஆட ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்தப் படமும் நிற்காது. ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரைதான் இந்த வேலை.

மொட்டைமாடிச் சுவர்மேல் கனமான இரும்புச் சட்டம் ஒன்றைக் காங்கிரீட் போட்டு இறுக்கியிருக்கிறார். ஒரு முனையில் பைனாகுலரின் ஒரு குழலைக் கவ்வும் பிடி. அதற்குப் பின்னால், காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய லேத் ஒன்றின் நகரும் தட்டுகள் இரண்டு. ஒன்று படுக்கையாக, இன்னொன்று நிமிர்த்தி. அவற்றின்மேல் தியோடலைட்டிலிருந்து கழற்றிய தொலைநோக்கி. கைப்பிடியைச் சுற்றினால் அது திசை மாறாமல் இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் நகரும். குறி, அண்ணா சாலையில் 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சிக் கம்பம். சென்னையின் முதல் வானுயர் கட்டடம் இப்படியொரு வேலைக்கும் பயன்படுகிறது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என்னைக் கண் வைக்கச் சொன்னார். இரண்டு மெல்லிய கறுப்பு இழைகள் குறுக்கும் நெடுக்குமாக. அவை சந்திக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே கம்பத்தின் நுனி. அந்த இழைகள் சிலந்தி நூல். அந்தக் காலத்தில் தியோடலைட்டுகளுக்குச் சிலந்தி இழையைத்தான் கட்டுவார்கள். மெல்லியதாகவும் இருக்கும், ஒரே சீரான பருமனாகவும் இருக்கும், அறுவதும் குறைவு. பதினான்கு வயதில் அப்பாவிடம் வேலைக்கு உட்கார்ந்தபோது பாய்க்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். சிலந்தியை ஒரு குச்சியில் ஏற்றி உதறினால் நூல் விட்டுக்கொண்டே கீழே இறங்கும். அந்த நூலைக் கம்பிக் கவட்டையில் சுற்றிக்கொண்டே வர வேண்டும், மூச்சு அதன்மேல் படக்கூடாது. “எந்தச் சிலந்தியும் ஆகாது சார். வலை தூசு பிடிச்சிருந்தா வேஸ்ட். அதுவா இறங்குற நூல்தான் வேணும்.” இந்தத் தொலைநோக்கியில் இருப்பது அவர் கட்டிய இழை.

ஒரு குழல் பிடியில் அசையாமல் இருக்க, மற்றக் குழலைக் கீலில் முழுக்க விரித்தார். கம்பத்தின் நுனி எங்கே விழுகிறதோ அந்த இடத்தைக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளியாக வைத்தார். பாதி மடக்கி இன்னொரு புள்ளி. முழுக்க மடக்கி மூன்றாவது. மூன்றையும் சேர்த்தால் ஒரு வில். வில்லின் மையம் எதுவோ அதுதான் கீல் நோக்கும் திசை. குழலின் பார்வையை அந்த மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், மடக்கினாலும் விரித்தாலும் கம்பம் நகராது. பிறகு அடுத்த குழலுக்கும் இதே வேலை. இரண்டும் கீலோடு ஒத்துப்போனால் தமக்குள்ளும் ஒத்துப்போகும். யார் கண்ணுக்கு வைத்தாலும் ஒரே நிலா.

பார்வையை நகர்த்துவது முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையங்களால். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம். இரண்டுமே ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்தவை. ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பத் திருப்ப, கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகரும். பாய் இதைச் செய்யும்போது பேசமாட்டார். திருப்புவார், பார்ப்பார், புள்ளி வைப்பார், மறுபடி திருப்புவார். வில் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மூன்று புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

உள்ளே பூத்திருந்த பூஞ்சையைத் துடைத்ததையும், பிசுக்கேறிய பழைய கிரீஸை மாற்றியதையும் நான் கவனித்துப் பார்க்கவில்லை. கடற்கரை ஊரில் பூஞ்சை வராமல் இருக்காது, வந்ததை நாளாக விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

பாயின் அப்பாவும் பாயும் பொதுப்பணித் துறைக்கும் நில அளவைக்கும் வேலை பார்த்தவர்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வந்ததும் தியோடலைட்டெல்லாம் பித்தளை விலைக்குப் போயிற்று. அப்புறம் வாடிக்கையாக வந்தவர்கள் கிண்டி ரேஸுக்குப் போகிறவர்கள், துறைமுகத்துக்கு வரும் கப்பல் அதிகாரிகள், இப்போது வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று பறவை பார்க்கிறவர்கள். பாயின் மகன் கைப்பேசித் திரை மாற்றும் கடை வைத்திருக்கிறார். பாய்க்கு அதில் வருத்தம் இல்லை. “அவன் ஒரு மணி நேரத்துல பாக்குற காசை நான் ரெண்டு நாள்ல பாக்குறேன். என்னத்த சொல்லி இங்க கூப்பிடறது?”

அந்த இரண்டு நாள் காசு எவ்வளவு? நேரே வருகிறவர்களிடம் 800 ரூபாய். தரகர்கள் கொடுப்பது 500. நாங்கள் இருந்தபோதே ஒருவர் பையோடு வந்தார். குஜராத்தின் அலங்கில் கப்பல் உடைக்கிறார்கள்; உடைத்த கப்பலின் கட்டிலிலிருந்து கரண்டிவரை சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வரும். அங்கிருந்து மொத்தமாக வந்த 7×50-கள் பையில் இருந்தன. “அலைன்மென்ட் வேணாம் பாய், வெளிய பளபளன்னு இருந்தா போதும், முந்நூறு வெச்சுக்கோங்க” என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே ஆட்கள்தான் மேலே கறுப்புச் சாயம் அடித்து, ‘ரஷ்ய ராணுவம்’ என்று எழுதி, ஆறாயிரம் எட்டாயிரம் என்று விற்கிறார்கள். சிவப்பு மினுமினுப்புப் பூசிய கண்ணாடியை ‘இரவுப் பார்வை’ என்கிறார்கள். இரவில் பார்க்க வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் பூச்சு அது. அலங்கில் அள்ளுகிறவன் கூலி, திருவல்லிக்கேணியில் புள்ளி வைக்கிறவன் கூலி இரண்டையும் சேர்த்தாலும் விலையில் எத்தனை பங்கு வரும்? ஒரு திருகையும் தொடாதவனுக்கு மிச்சமெல்லாம். வாங்குகிற நாமும் பிராண்டைக் கேட்கிறோம், பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறோம், குழல் நேராக இருக்கிறதா என்று யார் கேட்கிறோம்? நான் இப்படிப் பொரிந்துகொண்டிருக்க, பாய் அந்தத் தரகருக்கும் டீ சொல்லி அனுப்பினார். அவரும் வாடிக்கையாளர்தானே.

ஆனாலும் முந்நூறுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “சும்மா துடைச்சுக் குடுத்தா என்கிட்ட சர்வீஸ் பண்ணதுன்னு சொல்லுவ. நாளைக்கு ஒருத்தருக்குத் தலை வலிச்சா என் பேரு.” தரகர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பையில் நான் கண் வைத்திருந்தேன் என்பதைப் பாய் கவனித்திருக்கிறார். கப்பல் பைனாகுலர் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகித் தெளிவு பார்க்க வேண்டும். ஒருவரே வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்க வசதி. எல்லா மீனும் ஒரே தொலைவுபோலத்தான் என்பதால் ஒருமுறை திருகினால் போதும். முப்பது பிள்ளைகள் கை மாற்றினால் ஆளுக்கு இரண்டு முறை திருக வேண்டும். வரிசை நகராது. தவிர, 50-ஐ 7-ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர் ஒளிக்கற்றை. இருட்டில் அந்த அளவுக்கு விரியும் கண்மணி இளம் வயதுக்காரர்களுக்குத்தான் உண்டு. ஐம்பது கடந்த எனக்கு 10×50 தரும் ஐந்தே அதிகம். நகரத்து வானத்தில் 7×50 வைத்தால் மீனோடு சேர்த்துத் தெருவிளக்கின் வெளுப்பும் உள்ளே வரும். 1867-இல் நுங்கம்பாக்கம் ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலை என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தபோது அந்த வெளுப்பு இல்லை.

இப்போது வாங்குவதற்குமுன் பாயிடம் படம் அனுப்பிக் கேட்கிறோம். பெரும்பாலும் வரும் பதில் ‘வேணாம்’. ஜூம் என்று போட்டிருந்தால் படத்தைத் திறக்கவே மாட்டார். எங்களுக்கு அவர் போடும் கூலியை ஆயிரமாக உயர்த்தச் சொல்லிப் பார்த்தோம், எண்ணூறுக்கு மேல் வாங்கமாட்டேன் என்கிறார். நன்கொடையாக வந்த ஒன்றில் பிரிசம் விரிசல் விட்டிருந்தது, சரிசெய்ய முடியாது. அதன் வளையங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. அதை உதிரிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டுக்குக் கூலி பேசியிருக்கிறோம். நோன்பு முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், ஆறு மணிக்கு முன்னால்.