கழிக்க வேண்டியதைக் கூட்டிய கதை

ரெண்டு மாசமாக என் கணினிக்குள் வேலா பல்சார் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிஜ வேலாவுக்கு ஒரு சுற்றுக்கு 89 மில்லிசெகண்ட் போதும். என் நிரலுக்கு ஒரு ராத்திரி வேண்டும்.

நியூட்ரான் விண்மீனோடு சேர்ந்து அதன் காந்தப்புலமும் சுற்றுகிறது. வேலாவில், அச்சிலிருந்து சுமார் 4,260 கிலோமீட்டரில், அப்படிச் சுற்ற ஒளியின் வேகம் தேவைப்படும். அந்த எல்லைக்கு உள்ளே, உயரத்தில், எலெக்ட்ரான்கள் காமா கதிர் விடுவதாக வைத்துக்கொண்டு நமக்கு எப்போது எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட வேண்டும். (ஏன் உயரத்தில்? தரைக்குப் பக்கத்தில் என்றால் கடும் காந்தப்புலம் பெரிய ஆற்றல் ஃபோட்டான்களை விழுங்கிவிடும், நிறமாலை செங்குத்தாக விழும். அப்படி விழவில்லை என்று 2009-லேயே ஃபெர்மி காட்டிவிட்டது.)

ஃபெர்மி பார்த்த வேலாவுக்கு ஊசி மாதிரி இரண்டு உச்சங்கள், இடைவெளி சுற்றில் சுமார் 0.43 பங்கு. எனக்கு வந்ததோ இட்லி மாதிரி ஒரே மேடு!

மூணு வாரம் மண்டை காய்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒளி வந்துசேரும் நேரத்தில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தேன். உயரத்தில் கிளம்பும் ஒளி நமக்குச் சீக்கிரம் வரும். சுழற்சி அதன் திசையையும் முன்னால் சாய்க்கும். பின்தங்கும் பக்கத்தில் காந்தக் கோட்டின் வளைவு இந்த இரண்டையும் ஈடுகட்டிவிட, பல உயரங்களின் ஒளி ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. ஊசி அதனால்தான். குறியை மாற்றினேன், உச்சங்கள் எழுந்தன. அன்று விடுதியில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

மறுநாள் சாரிடம் காட்டினேன்.

"பார்வைக் கோணம் 79 எப்படி வந்துச்சு?"

"உச்சம் சரியா வர்ற வரைக்கும் மாத்திப் பார்த்தேன் சார்."

"அப்ப நீ வேலாவைப் போடலப்பா. உன் படத்துக்கு ஏத்த ஒரு நட்சத்திரத்தைப் போட்டிருக்கே."

டீ காசு போச்சு. சந்திரா எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேலாவைச் சுற்றித் தெரியும் வளையத்தின் சாய்வை வைத்து அந்தக் கோணம் சுமார் 64 டிகிரி என்று எப்போதோ அளந்திருக்கிறார்கள். நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. 64 போட்டால் என் இடைவெளி 0.36-க்குச் சுருங்குகிறது. காந்த அச்சின் சாய்வு மட்டும்தான் இப்போது என் கையில்.

இது போதாதென்று, 2023-ல் ஹெஸ் குழு வேலாவிலிருந்து 20 டெராஎலெக்ட்ரான்வோல்ட் வரை துடிப்பைப் பார்த்ததாக அறிவித்தது. அது எல்லைக்கு வெளியிலிருந்தே வரலாம் என்கிறார்கள். என் நிரல் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. மதிப்பீட்டுக்கு இன்னும் பதினொரு நாள். இன்றைக்கு ராத்திரி 70 டிகிரி சாய்வு ஓடிக்கொண்டிருக்கிறது.