கதிரைக்குப் பிழை போடலாமா?

கல்முனைக்குடியில 'பேசுறது' என்றா ஏசுறது. "டீச்சர் பேசுவாங்க" என்று ஒரு புள்ள பயந்தா அதுக்கு அர்த்தம் அதுதான். அப்படிப்பட்ட ஊர்ல பேச்சுச் சிகிச்சை உதவியாளர் என்று போய் நின்றா சின்னப் புள்ளைகள் கிட்ட வருவாங்களா? இப்ப எங்கட பேர் 'கதைக்கிற டீச்சர்மார்'.

நாங்கள் தெரபிஸ்ட் இல்லை. தெரபிஸ்ட் பார்த்து எழுதித் தாற பயிற்சிகளைப் பாடசாலையில புள்ளைகளோட இருந்து செய்றதுதான் எங்கட வேலை. இலங்கையில இந்தப் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்துல டிப்ளோமாவாத் தொடங்கினதே 1997லதான். பட்டப்படிப்பு வந்தது 2008ல. தமிழ்ல வேலை செய்யக்கூடியவங்க இன்னும் காணாது. அதனால ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில கண்ணாடியும் படக்கார்டுமா நாங்கள்.

அந்தக் கார்டுகள்தான் முதல் வில்லங்கம். எங்கட கைக்கு வந்தது தமிழ்நாட்டுக் கார்டுகள். நாற்காலிப் படத்தைக் காட்டினா புள்ள 'கதிரை' என்றான். ஆரஞ்சு என்ற இடத்துல 'தோடம்பழம்', சோப்புக்கு 'சவக்காரம்'. கார்டுக்குப் பின்னால இருக்கிற விடைப்படி மூணும் பிழை. 'பளம்', 'மள' என்று சொன்னாலும் பிழைதான். ஆனா இங்க பள்ளித் தலைவர்ல இருந்து மீன்காரர் வரைக்கும் பேச்சுல ழ வாறது அருமை. ஊருக்கே வராத எழுத்தை அஞ்சு வயசுப் புள்ளையிட்ட மட்டும் நோய் என்று எழுதினா, மறுகா அந்தப் புள்ள வாயே திறக்காது. ஊர்ப் பேச்சு வேற, குறைபாடு வேற. இதைப் பிரிச்சுச் சொல்றதுக்கு ஊர்க் காது வேணும்.

அதால நாங்களே படம் கீறினோம். ர பழக்க மீனைவிட நல்ல சாமான் கிடைக்காது: சூரை, பாரை, கீரி. கரைவலை இழுக்கிற வாப்பாட மகனுக்கு இந்தப் பேர்களைச் சொல்ல யாரும் கெஞ்சத் தேவையில்லை. 'சூயை' என்று தொடங்கினவன் நாலாம் மாசம் 'சூரை' என்று சொல்லிட்டு, தானே ஒருக்காக் கண்ணாடியைப் பார்த்தான்.

ர வரலை என்று வாற உம்மாமாருக்குப் பாடசாலைப் புள்ளி கவலையில்லை, ஓதல் பிழைச்சிரும் என்றதுதான் கவலை. இது எங்களுக்கு நல்லதாப் போச்சு. தஜ்வீத்ல மக்ரஜ் என்று ஒரு பாடமே இருக்கு: எந்த எழுத்து தொண்டையில பிறக்குது, எது நாக்கு நுனியில, எது உதட்டுல என்று 17 இடம் பிரிச்சிருக்காங்க. நுனி நாக்கு மேல் முரசுக்குப் போகணும் என்று தெரபிஸ்ட் படம் கீறிக் காட்டுறதும் இதே கணக்குத்தான். ஒரு ஹஸ்ரத்தோட இதைக் கதைச்சோம். அவர் இப்ப எல்லாருக்கும் முன்னால திருத்துறதில்லை. மற்றவங்க போனதுக்குப் பிறகு அந்தப் புள்ளையத் தனிய இருத்தி ஓத வைக்கிறார். எங்கட பாதி வேலை குறைஞ்சுது.

ஆனா இதெல்லாம் கதைக்கிற புள்ளைகளட கதை. ரெண்டாம் தரத்துல ஒரு பொம்பிளப் புள்ள இருந்தா. டீச்சர்மார் தந்த பட்டியல்ல அவட பேர் இல்லை. "அடக்கமான புள்ள" என்றுதான் எல்லாரும் சொன்னாங்க. பின்னால நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பமாட்டா. முன்னால வந்து நின்றா எங்கட உதட்டைப் பார்த்துச் சிரிப்பா. காதைக் காட்டச் சொல்லி அனுப்பினோம். நடுக்காதுல நீர் கட்டி இருந்திருக்கு, ரெண்டு பக்கமும். மூத்தம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "எங்கட புள்ளைக்கு ஒண்டுமில்ல மகள், அது சத்தம் போடாத புள்ள" என்று கிளினிக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

இந்த வருஷம் ஒவ்வொரு வகுப்புலயும் அடக்கமான புள்ளைகள் யார் என்றதைத்தான் டீச்சர்மாரிட்ட முதல்ல கேக்கிறோம்.