தண்டவாளம் போன பாதை

போன நவம்பரில் பரீட்சை முடிந்த கையோடு மூன்று நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். நாலரை வருடமாக சைக்கிளைத் தொடாத எனக்கு இது விஷயம்தான்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படிக்கும்போது பல்லடம் பக்கம் மெயின் ரோட்டில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு பஸ்ஸின் கண்ணாடி வலது தோளைத் தட்டியது. 'தட்டியது' என்பது பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஹாரன் சத்தம், அப்புறம் வாய் நிறைய மண். காறை எலும்பு முறிந்தது, அரையாண்டுத் தேர்வு போயிற்று. அப்பா சைக்கிளைக் கழுவித் துடைத்து மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அதற்கப்புறம் பஸ் ஹாரன் கேட்டாலே தோள் தானாகக் காது வரைக்கும் ஏறிவிடும்.

இப்போது நியூசிலாந்தில், டனீடின் நகரத்தில் பி.காம் கடைசி வருடம். கூடத் தங்கியிருக்கும் மலேசிய நண்பன்தான் ஆரம்பித்து வைத்தான். "நூத்தம்பது கிலோமீட்டர் பாதை லா. ஒரு கார் கிடையாது, ஒரு லாரி கிடையாது. வெறும் சரளைக்கல்லும் ஆடும்தான்." நான் நம்பவில்லை. ஊருக்கு ஃபோன் போட்டேன்.

"ஏங்கண்ணு, மறுபடியும் சைக்கிளா?" என்றார் அம்மா.

"அந்த ரோட்ல பஸ்ஸே வராதுங்கம்மா."

"பஸ்ஸே வராத ரோட்ல உனக்கு என்ன கண்ணு வேல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பாதையின் பெயர் ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில். கிளைடு என்ற ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ. பெயரிலேயே ரயில் இருக்கிறது, ஆனால் ரயில் கிடையாது. பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மேலே பொடிச் சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகை போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் விட்டிருக்கிறார்கள். எஞ்சின் வைத்த வாகனம் உள்ளே வரக்கூடாது. ஊர்களுக்குப் பக்கத்தில் சில இடங்களில் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியூசிலாந்து என்றதும் எல்லோரும் நினைக்கிற பச்சைப்பசேல் இங்கே கிடையாது. மேற்கிலிருந்து வரும் மழைக்காற்றை சதர்ன் ஆல்ப்ஸ் மலை மறித்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மில்ஃபோர்டு சவுண்டில் வருடத்துக்கு 6,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. இந்தப் பக்கம் அலெக்சாண்ட்ராவில் சுமார் 350 மி.மீ.தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. வெளிறிய புல், அடுக்கடுக்கான பாறை, மரமில்லாத மலை. அலெக்சாண்ட்ராவைச் சுற்றி மட்டும் காட்டு தைம் செடி ஊதாவாகப் பூத்து, டயர் ஓரத்தில் உரசினாலே வாசம் வந்தது. அந்த வெயிலில் வியர்த்துக்கொண்டே இன்னொன்றும் படித்தேன்: நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 25.6 டிகிரி, 1903-இல் பதிவானது இதே பாதையில் இருக்கும் ரான்ஃபர்லியில்தான்!

முதல் நாள் கிளைடிலிருந்து கிளம்பினோம். வாடகை சைக்கிள், தடித்த டயர். முதல் பத்து கி.மீ. நான் ஓட்டியது சைக்கிளே இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் வெறும் பாதை. திரும்பவும் பார்ப்பேன், திரும்பவும் வெறும் பாதை. நண்பன், "யாரு லா வர்றா? கடன்காரனா?" என்றான். சாட்டோ கிரீக் தாண்டி டைகர் ஹில் என்ற ஏற்றம் வந்தது. பெயரைக் கேட்டு பயந்தது வீண். ஏற்றம் என்பதே கால் சொல்லித்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. உச்சியில் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் உறைத்தது: கடைசி ஒரு மணி நேரமாக நான் திரும்பியே பார்க்கவில்லை.

இந்த ஏற்றம் ஏன் இவ்வளவு சாது என்பதில்தான் என் பி.காம் மூளை மாட்டிக்கொண்டது. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஆகாது. அதனால் இந்த வழியில் ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறலாம், அதற்கு மேல் கூடாது என்று கட்டினார்கள். 1879-இல் வேலை ஆரம்பித்தது. மலையை வெட்டி, பள்ளத்தை மேடாக்கி, சுரங்கம் குடைந்து, கிளைடுக்கு ரயில் வந்து சேர்ந்தது 1907-இல். 28 வருடம்! பழமும் கம்பளியும் ஆடும் ஏற்றிப் போனது. லாரிகள் தொலைதூரச் சரக்கு ஏற்றக் கூடாது என்றிருந்த கட்டுப்பாடு 1980-களில் நீங்கியதும் சரக்கு ரோட்டுக்குப் போய்விட்டது. கிளைடு அணைக்குச் சாமான் சுமந்ததுதான் ரயிலின் கடைசிப் பெரிய வேலை. 1990 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

எங்கள் பாடப்படி இது எளிய கணக்கு. சொத்து தேய்ந்துவிட்டது, வருமானம் இல்லை. இரும்பை விற்றால் வருவது இறுதி மதிப்பு. அதோடு கணக்கை மூடிவிடலாம். ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு விஷயம் ஏறவே இல்லை. ஒன்று, அந்தச் சரிவு. 28 வருடம் மண்வெட்டி பிடித்தவர்கள் விட்டுப்போன சமதளம். இன்னொன்று, நிலம் துண்டாகாமல் 152 கி.மீ. ஒரே நாடாவாக இருந்தது. பக்கத்துப் பண்ணைகளுக்குத் துண்டு துண்டாக விற்றிருந்தால் கொஞ்சம் பணம் வந்திருக்கும், ஆனால் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது. 1993-இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை மொத்தமாக வாங்கியது. 2000-இல் முழுப் பாதையும் திறந்தது.

இந்தச் சரிவுக்கு என்ன விலை என்று சந்தேகமிருந்தால் கிளைடுக்கு மேலே பாருங்கள். அங்கிருந்து குரோம்வெல் வரை இருந்த ரயில் பாதை அணை நீருக்குள் போய்விட்டது. 2021-இல் அந்தப் பள்ளத்தாக்கில் லேக் டன்ஸ்டன் டிரெயில் திறந்தபோது, பாறைச் சுவரில் இரும்பு மேடைகளைத் தொங்கவிட்டுத்தான் வழி செய்ய வேண்டியிருந்தது. அதிலும் மூச்சு வாங்கும் ஏற்றங்கள் உண்டு.

இரண்டாம் நாள் லாடரிலிருந்து பூல்பர்ன் பள்ளத்தாக்கு. 37 மீட்டர் உயரப் பாலம், அதன் கல் தூண்களைப் பார்க்கவே ஒருநாள் ஒதுக்கலாம். இரண்டு சுரங்கங்களும் உண்டு. உள்ளே விளக்கு கிடையாது. இறங்கி, டார்ச் அடித்து, தள்ளிக்கொண்டு போனோம். நடுவில் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். வந்தது, எங்களைப் போலவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான தம்பதி. "நல்ல குளிர்ச்சியா இருக்கு, இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார் அந்த அம்மா. வெளியே வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன். பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று முந்தின நாள் இரவு அம்மாவிடம் பீற்றியிருந்தேன்.

ஒடுரெஹுவாவில் ஹேய்ஸ் என்ற பழைய பட்டறை இருக்கிறது. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-இல் தொடங்கியது. வேலிக் கம்பியை இழுத்து இறுக்கும் கருவியைச் செய்து பேர் வாங்கியவர். எனக்குப் பிடித்தது அவர் மனைவி ஹன்னா. கணவர் செய்த கருவிகளைப் பண்ணை பண்ணையாகப் போய் விற்று ஆர்டர் பிடித்தவர் அவர்தான். போனது எதில்? சைக்கிளில்! இந்த மண்ணில், இந்தக் காற்றில், அந்தக் காலத்துக் கனத்த பாவாடையோடு. மார்க்கெட்டிங் பாடத்தில் யார் யாரையோ படித்தோம், இவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாம் நாள் ரான்ஃபர்லியிலிருந்து 61 கி.மீ. எதிர்காற்று. காற்றையும் ஒரு ஏற்றமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. கோகோங்கா பக்கம் காட்டு ரோஜா முள் குத்தி பஞ்சர். நண்பன் கையைப் பிசைந்தான். நான் டயரைக் கழற்றி, ட்யூபை உருவி, காற்றடித்து, கீழே ஓடும் டையரி ஆற்றில் முக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர் சைக்கிள் கடையில் பேசினில் முக்குவார்கள், இங்கே ஒரு முழு ஆறே கிடைத்தது. ஒட்டு போட்டு முடித்தபோது, இந்தக் கை எதையும் மறக்கவில்லை என்று தோன்றியது. மறந்தது வேறு எதுவோ.

ஹைடு தாண்டி ஒரு கல் நினைவுச் சின்னம். 1943 ஜூன் 4 அன்று, டனீடினுக்குப் போன பயணிகள் ரயில் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றோம். வண்டியே வராத இந்த அமைதியான பாதையும் ஒரு காலத்தில் வேகத்துக்கு விலை கொடுத்ததுதான். பஸ்தான் எமன், சைக்கிள் பாவம் என்று நான் இத்தனை நாள் எளிதாகப் பிரித்து வைத்திருந்தேன். கொல்வது வேகம். அது எந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த விஷயம்.

மாலை மிடில்மார்ச். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, சத்தியமாக, மனசு வரவில்லை.

இந்தச் சிற்றூர்களில் தங்கும் விடுதி, டீக்கடை, சைக்கிள் வாடகை, சாமான் தூக்கிப்போகும் வேன் எல்லாம் இந்தப் பாதையை நம்பி ஓடுவதைப் பார்த்தேன். 2009-இல் நாடு முழுக்க சைக்கிள் பாதைகள் போடும் திட்டம் தொடங்கியபோது எல்லோரும் சுட்டிக்காட்டிய உதாரணம் இதுதான். நம் ஊர் ரோட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். "சைக்கிள் ஓட்ட பயம்" என்று நாலரை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. எனக்கு சைக்கிளில் பயமே இல்லை, ரோட்டில்தான் பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, ரோடு இல்லாத 152 கி.மீ. தேவைப்பட்டது.

டனீடினில் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறேன். துறைமுகத்து ஓரப் பாதையில் ஓட்டுகிறேன். பஸ் போகும் தெருவில் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். வெட்கமில்லை.

போன வாரம் அப்பாவிடம், "நம்ம சைக்கிள் துருப்பிடிச்சுப் போயிருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"டயரு போயிருச்சு, மாத்தணும். செயினுக்கு மாசமானா எண்ணெ உட்டுட்டுத்தானப்பா இருக்கறேன்" என்றார்.

பி.கு: போகிறவர்கள் டார்ச், பஞ்சர் சாமான், நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் கேட்டுகளைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள், ஆடுகள் உங்களுக்கு முன்னால் மிடில்மார்ச் போய்விடும்.