பாடு என்ற சொல்லை என்ன செய்வது

அக்டோபர் 11

வழிகாட்டிப் பேராசிரியரிடமிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. பதினெட்டு இடங்களில் மஞ்சள் அடித்திருக்கிறார். அதில் பதினொன்று ஒரே சொல்லுக்கு: பாடு. “இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் போடம்மா. வெளிநாட்டு மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

மாலை முழுக்க யோசித்தேன். எங்கள் கோட்டைக்குப்பத்தில் பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய இறால் தடங்களில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுக்கும் முறை. வலை கட்டும் அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர். அங்கே கிடைப்பது மீன்பாடு. கிடைக்காமல் திரும்பினால் ‘பெரும்பாடாப் போச்சு’ என்பார்கள். இத்தனையும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது நான் எந்த ஒன்றை மட்டும் பிய்த்து ஆங்கிலத்தில் கொடுப்பது?

எனக்கு முன்னால் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு எழுதிய பழவேற்காடு அறிக்கையில் பாடு பாடாகவே இருக்கிறது. சாரா கூல்தார்டு 2008இல் ‘குளோபல் என்விரான்மென்டல் சேஞ்ச்’ இதழில் எங்கள் ஏரியைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான். 2004இல் ‘மரைன் பாலிசி’ இதழில் கென்டன் லோபும் ஃபிக்ரெட் பெர்க்ஸும் கொச்சிக் காயலைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் விட்டு வைத்த சொல்லைப் பாட்டுக்காரன் மகள் நான் எடுத்துவிடுவதா?

முதன்முறை வரும் இடத்தில் நான்கு வரி விளக்கம் கொடுத்துவிட்டேன். அதன்பின் எல்லா இடத்திலும் பாடுதான். பேராசிரியருக்கும் அப்படியே எழுதினேன். “சரி” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

அக்டோபர் 14

இதழின் இணையப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைப் போட்டேன். இனி யாராவது என் கட்டுரையை மேற்கோள் காட்டினால் அங்கே அப்பாவின் பெயர்தான் முதலில் வரும். பாட்டில் பெண்களுக்கு இடமில்லை; கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. அந்தப் பாட்டைப் பற்றிய கட்டுரையை மகள் எழுதி, அப்பா பெயரில் அது உலகம் சுற்றப்போகிறது. அம்மாவின் பெயர் எந்தக் கட்டத்திலும் வராது என்பதுதான் உறுத்துகிறது. எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது அவள் சந்தையில் மீன் விற்ற காசு.

ஆர்க்கிட் எண் வாங்கிக்கொண்டேன். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ஆய்வாளர்கள் குழம்பிப் போகாமல் இருக்க 2012இலிருந்து கொடுக்கிறார்கள். தமிழர்களுக்கு ரொம்ப உதவி. ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரிந்து என்று நம் பெயர்கள் படும் பாடு கொஞ்சமில்லை.

அக்டோபர் 23

உயிரினப் பட்டியலைச் சரிபார்க்கும் நாள். மடவை முஜில் செஃபாலஸ்; இதில் தகராறு இல்லை. வெள்ளை இறாலில் தகராறு உண்டு. பழைய கட்டுரைகளில் பீனியஸ் இண்டிகஸ். 1997க்குப் பிறகு ஃபென்னரோபீனியஸ் என்று பேரினத்தையே மாற்றினார்கள். இப்போது பலர் மறுபடி பீனியஸுக்கே வந்துவிட்டார்கள். அப்பாவின் வலையில் விழும் இறாலுக்கு இத்தனை வருடமாக ஒரே பேர்தான்.

நண்டில்தான் அதிக நேரம் போனது. சேற்று நண்டு என்றாலே சில்லா செர்ராட்டா என்று எழுதிவிடுவது நம் வழக்கம். 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் அந்தப் பேரினத்தையே மறு ஆய்வு செய்து நான்கு இனங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்றின் பெயர் சில்லா டிராங்குபாரிக்கா. 1798இல் ஃபேப்ரிசியஸ் வைத்த பெயர். டிராங்குபார் என்றால் நம் தரங்கம்பாடி! டேனிஷ்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அனுப்பிய மாதிரிகளில் ஒரு நண்டு, நம் ஊர்ப் பெயரை இருநூறு வருடத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். “பிடிச்சவன் பேரு இருக்கா அதுல?” என்று கேட்டாள்.

என் அட்டவணையில் முதல் பத்தி உள்ளூர்ப் பெயர், இரண்டாவது பத்தி அறிவியல் பெயர். முதலில் மாற்றி வைத்திருந்தேன். இன்று இடம் மாற்றிவிட்டேன்.

நவம்பர் 2

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் வந்துகொண்டிருக்கிறது.

‘ஆய்வுப் பகுதி’ என்ற பத்தியை எழுதி முடித்தேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா. பரப்பளவு எழுதும் இடத்தில் கை நின்றது. ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண் தருகிறது. தண்ணீர் வற்றும்போது சுமார் 250 சதுர கிலோமீட்டர், ஏறும்போது 450 வரை என்று வீச்சாகத் தருவதுதான் நேர்மை. இந்த ஏரி ஒரு நாளைப்போல் இன்னொரு நாள் இருப்பதில்லை.

பழவேற்காடு பற்றி யார் எழுதினாலும் 1613இல் கட்டிய டச்சுக்காரர் கோட்டை, அவர்கள் கல்லறைகள், பூநாரை, ராக்கெட் என்று வரிசையாக வரும். மனிதர்கள் கடைசிப் பத்தியில் வருவார்கள். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தேன், பழக்கதோஷம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு முகத்துவாரத்திலிருந்து தொடங்கினேன். இறால் கடலில் பொரிக்கிறது. குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்ததும் வற்றும் தண்ணீரோடு கடலுக்குத் திரும்புகிறது. திரும்பும் வழி குறுகலானது. அந்த வழியில் முதலில் நிற்பவனுக்கு எல்லாம், மற்றவனுக்கு ஒன்றுமில்லை. ஆகவேதான் முறை, ஆகவேதான் சீட்டு. வாசகருக்கு இது புரிந்துவிட்டால் மீதி பன்னிரண்டு பக்கமும் தானாகப் புரியும்.

நவம்பர் 9

இந்த நாளைப் போன வருடமே எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இறால் கொடுக்க வந்த இருளர் அக்கா ஒருவர் திண்ணையில் என் தாள்களைப் பார்த்து, “இன்னாம்மா எழுதிக்கீறே?” என்றார். சொன்னேன். “எங்களப் பத்தி எதுனா கீதா?” என்றார். இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மூன்று ஊர்ப் பட்டினவர்களின் முறையை எழுதினேன். அந்த முறைக்கு வெளியே இதே ஏரியில் பிழைப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்று விடிகாலை அவருடன் போனேன். இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு தண்ணீர். வலை இல்லை, படகு இல்லை. பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போகிறார். விரலில் இறால் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார். கயிறு பல்லில் இருப்பதால் மணிக்கணக்காகப் பேச்சே இல்லை. ஒருமுறை சடாரென்று கையை இழுத்துக்கொண்டார். கெளுத்தி முள். கட்டை விரலின் அடியில் ரத்தம். விரலை வாயில் வைக்க முடியாது, கயிறு இருக்கிறதே. தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி தடவத் தொடங்கிவிட்டார்.

கரையேறியபின் உள்ளங்கையைக் காட்டினார். தோல் வெளுத்து ஊறிச் சுருங்கியிருந்தது. பழைய முள் தடங்கள் கறுப்புப் புள்ளிகளாக. என் பதிவேட்டில் அவரைக் குறிக்க ‘பாடு இல்லாதவர்’ என்று ஒரு குறியீடு மட்டும் இருந்தது. இன்றிரவு ஒரு புதிய பகுதி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

நவம்பர் 20

ஊரில் வாசித்தேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பல்கலைக்கழக நெறிக்குழு அனுமதியும் இருக்கிறது. விதிப்படி இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனாலும் யாருடைய பேச்சை வைத்து எழுதினேனோ அவர்கள் கேட்காத ஒன்றை முகம் தெரியாத இரண்டு பேர் முதலில் படிப்பது சரியில்லை என்று பட்டது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பெரியப்பா கிழிந்த வலையில் ஊசியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

‘சீட்டு முறை எல்லோருக்கும் சமமான பங்கைத் தருகிறது’ என்ற வரியில் ஊசி நின்றது.

“சமமாவா? யாரு சொன்னா?”

“நீங்கதான் பெரியப்பா சொன்னீங்க, எல்லாருக்கும் உண்டுன்னு.”

“உண்டுன்னுதான் சொன்னேன். எடத்துக்கு எடம் வித்தியாசம் கீது. ஒரு எடத்துல கூடை நெறையும், இன்னொன்னுல கொழம்புக்கும் தேறாது. நல்ல எடமும் கெட்ட எடமும் எல்லாருக்கும் சுத்தி வரும். அதத்தான் எழுதணும்.”

பங்கு சமம் என்பதற்கும் வாய்ப்பு சுழன்று வருகிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்! என் முடிவுரையே அந்த ஒரு வரிமேல் நின்றது. மூன்று வருடம் படித்தும் பிடிபடாததைப் பெரியப்பா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

இன்னொரு சித்தப்பா, முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது பற்றிய பத்தியைத் திருத்தினார். நான் வருமான இழப்பை முதலில் வைத்திருந்தேன். “வருமானம் அப்புறம்மா. வாய் மூடுனா மொதல்ல குஞ்சு உள்ள வராது. தண்ணி கெடும். அப்புறம்தான் வருமானம்” என்றார். வரிசையை மாற்றிக்கொண்டேன்.

வலை கட்டும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் போடக் கூடாது என்று எல்லோரும் ஒருமித்துச் சொன்னார்கள். அச்சில் வந்தால் யார் வேண்டுமானாலும் செல்போனை வைத்துக்கொண்டு வந்து நிற்கலாம். ஒத்துக்கொண்டேன். வரைபடத்தில் புள்ளிகளுக்குப் பதில் மொத்தப் பகுதிக்கும் ஒரே நிறம் தீட்டியாயிற்று. தரவுகள் பற்றிய அறிக்கையில் காரணத்தையும் எழுதிவிட்டேன்.

இருளர் பகுதியை வாசித்தபோது இரண்டு பேர் எழுந்து போனார்கள். “பாட்டப் பத்தின கட்டுரையில அது எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். பாடு யாரை உள்ளே வைக்கிறது என்று எழுதும்போது யாரை வெளியே வைக்கிறது என்றும் எழுதத்தானே வேண்டும் என்றேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரை அப்பாவும் பேசவில்லை. வாசலில் நின்று, “அவங்க கை வெக்கிற எடம் வேற, நம்ம வலை எடம் வேற. அதையும் சேத்து எழுது” என்றார். அதுவும் உண்மை. சேர்த்தேன். பகுதியை எடுக்கவில்லை.

நவம்பர் 22

ஆசிரியர் பெயர்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகளைத்தான் இந்த இதழும் கேட்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. திண்ணையில் நடந்ததற்குப் பிறகு பெரியப்பாவுக்கு இதில் எது குறைகிறது? போய்க் கேட்டேன்.

“எம்பேரு வேணாம். ஊர் பேரப் போடு.”

ஆய்வு நெறி ஊர்ப் பெயரை மறைக்கச் சொல்கிறது. ஊர் தன் பெயரைப் போடச் சொல்கிறது. இந்த மூன்று ஊர்களின் பெயரும் ஏற்கெனவே அச்சில் உள்ளவைதான். ஊரின் விருப்பப்படியே பெயர் வெளியிடப்படுகிறது என்று ஒரு வரி எழுதி நன்றியுரையின் முதலில் வைத்தேன். இருளர் அக்காவிடமும் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார், எழுதவில்லை.

நவம்பர் 29

ஒரு வாரத்தில் வெளியிட்டுத் தருவதாகவும் பணம் மட்டும் கட்டினால் போதும் என்றும் ஒரு இதழிலிருந்து மின்னஞ்சல். யுஜிசி 2016 விதியில் முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2022 விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். ஆனால் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. என்னோடு படித்த ஒரு பெண் தாலிச் சங்கிலியை அடகு வைத்து இப்படி ஒரு இதழுக்குப் பணம் கட்டினாள். அந்தக் கட்டுரையை யாரும் மதிப்பிடவில்லை, எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை. தம்பி தங்கைகளே, ஒரு வாரத்தில் அச்சாகும் கட்டுரையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். காசு கொடுக்காதீர்கள்.

டிசம்பர் 6

இதழாசிரியருக்கான கடிதம். போன வருடம் வேறொரு இதழ், ‘உள்ளூர் ஆர்வத்துக்குரியது’ என்று மூன்றே நாளில் திருப்பியது. மதிப்பீட்டுக்கே அனுப்பவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இப்போது யோசித்தால், என் கடிதத்திலும் குறை இருந்தது. பழவேற்காட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னேன், அது மற்றவருக்கு ஏன் வேண்டும் என்று சொல்லவில்லை. கொச்சிக் காயலிலும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர்கள் முறை வைத்து வலை கட்டுகிறார்கள். குறுகிய வாயும் அதன் வழியே போய்வரும் இறாலும் உள்ள ஏரி எங்கே இருந்தாலும் இதே கேள்வி எழும். இந்த முறை அதை இரண்டாம் வரியிலேயே எழுதினேன்.

டிசம்பர் 12

சுருக்கம் 250 சொல்லுக்குள். படங்கள் 300 புள்ளி அடர்த்தியில். வரி எண்கள், பக்க எண்கள். மதிப்பீட்டாளருக்குப் போகும் பிரதியில் எங்கள் பெயர் எங்கும் இல்லை. மேற்கோள்களை அம்மா ஒவ்வொன்றாக ஆண்டு படிக்க, நான் பட்டியலில் சரிபார்த்தேன். இரண்டு ஆண்டுகள் தப்பாக இருந்தன.

இரவு 11.40க்கு அனுப்பினேன். கட்டுரை எண் வந்துவிட்டது. அப்பாவுக்கு இன்று பாடு; அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

தமிழ்ப் பிரதி ஒன்று பெரியப்பா வீட்டில் இருக்கிறது. இன்னொன்றை இருளர் அக்காவின் மகளிடம் கொடுத்தேன், எட்டாவது படிக்கிறாள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். இந்த ஏரியைப் பற்றி எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிப் போயிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் திண்ணையில் இல்லை. எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கட்டுரையின் நகல் ஒன்றை, முடிந்தால் தமிழில், இந்த ஊருக்கு அனுப்பி வையுங்கள். வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன்.