கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வங்கி நமக்குக் கொடுத்தது யாரோ ஒருவர் வயிற்றைக் கட்டிச் சேமித்த பணம். ஆனால் கொடுக்க முடியாமல் போனவனைத் தெருவில் தலைகுனிய வைக்கும் உரிமை அந்தக் கடனோடு சேர்ந்து வருவதில்லை. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, போன் மணி அடித்தாலே நடுங்குகிறார்கள். 2016இல் மதுரையில் கல்விக்கடன் வசூல் நெருக்கடிக்கு ஒரு பொறியியல் பட்டதாரியைப் பறிகொடுத்தோம். இன்னும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

எங்கள் பகுதியில் தறி ஓட்டுகிற ஒருவர், மகள் பி.இ. படிக்க வாங்கிய கடன் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். படிப்பு முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. குறைந்த சம்பளம், கல்யாணம், பிரசவம் என்று தவணை நின்றுபோயிருந்தது. “ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்றாங்கய்யா. சம்பந்தி வீட்டுக்கும் பேசிட்டாங்க. போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிடுவேங்கிறான்” என்றார். பேசி முடிக்கும்வரை பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கடன் பாக்கி சிவில் விவகாரம். போலீஸ் வந்து பிடித்துப் போகும் குற்றம் இல்லை. கையில் இல்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதிவிட்டார். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, உறவினர் நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவு. அப்பாவோ அம்மாவோ கடனில் கூடக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவர்களிடம் கேட்கலாம். சம்பந்தியிடம் கேட்க என்ன இருக்கிறது?

அதனால் போனில் வழக்காட வேண்டாம். பெயர், ஏஜென்சி, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் மூன்றையும் கேளுங்கள். “எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். மிரட்டினால் தேதி, நேரத்தோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

அடுத்து, கிளைக்கு நேரில் போய்க் கணக்கு விவரம் முழுவதையும் வாங்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, தொழிற்கல்விக் கடன் என்றால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலேயே வந்தது. தாசில்தார் சான்று கொடுத்திருந்தால் அந்த மானியம் வரவாகியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

பழைய கடன் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வழக்குப் போடப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு உண்டு. கெடுவுக்குள் நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்புதலால் அது புதிதாக ஓடத் தொடங்கும். “சும்மா ஐந்நூறு கட்டி ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று ஏஜென்ட் குழைவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். கெடு தாண்டியதைச் சொல்லி ஒளிந்துகொள்ளவும் நான் சொல்ல மாட்டேன். கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் பாக்கி நிற்கும், மனசிலும் நிற்கும்.

தறிக்காரரை மக்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே வங்கிகள் வட்டியில் விட்டுக்கொடுப்பது வழக்கம். அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடும் கிடையாது. பணத்தை ஏஜென்ட் கையிலோ அவருடைய ஜிபேயிலோ கொடுக்காமல் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்க வேண்டும். பேசிக் குறைத்து முடித்த கடனைச் சிபிலில் ‘செட்டில்டு’ என்றுதான் குறிப்பார்கள், முழுதாக அடைத்ததாக அல்ல. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் மகளுக்கு இருந்தால் இதையும் யோசித்துத்தான் தொகை பேச வேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.